முதல் காணும் கோயில்

தான் வேலை செய்யும் வீட்டு எசமானி நோரா சிஞ்ஞோராவின் ஊர்ப் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் கனகேஸ்வரிக்குக் காது புளித்துப் போயிருந்தது. இத்தாலிக்கு, பலெர்மோ நகர டொக்டரைக் கலியாணம் கட்டி வந்து, அந்த மனுசனும் செத்துப் போயாயிற்று. கிழவியின் மனசு மட்டும் இன்னும் அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்திலேயே குந்திக்கொண்டிருந்தது. காலைத் தேத்தண்ணிக்கு வெஸ்ட்போர்ட், மத்தியானப் பாஸ்தாவுக்கு லூயிஸ்பர்க், படுக்கப் போகுமுன் அக்கில் தீவு. வருசத்துக்கு எத்தனை நாளோ அத்தனை தீவு கிடக்கிற குடாக்கடலாம். சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டின மதிலாம். முதுகில் நீல மை பூசின செம்மறியாம். கடலோரத்தில் கூம்பு மாதிரி ஒரு மலையாம், யூலைக் கடைசி ஞாயிறு சனம் வெறுங்காலோடு ஏறுமாம். வேறு ஊரே உலகத்தில் இல்லையோ? கனகேஸ்வரி "சி, சிஞ்ஞோரா" என்று இத்தாலியனில் ஓம் போட்டுத் தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போவாள்.

அவளுக்கு அவள் கவலை. தம்பி கஜானனை லண்டனுக்கு என்று ஏஜென்சிக்காரன் ஏற்றிக்கொண்டு போனது மாசியில். அதற்குப் பிறகு ஒரு சத்தமில்லை. லொறிக்குள் மூச்சடைத்துச் செத்த பொடியங்களின் கதை பலெர்மோவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் காதில் விழும். சைவக்காரி என்றாலும் ஒவ்வொரு ஞாயிறும் பெல்லெகிரீனோ மலையேறி, ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் அழுதுவிட்டு வருவாள்.

அந்த யூலைக் கடைசி ஞாயிறு அதற்கும் வழியில்லை. சிஞ்ஞோராவோடு மொண்டெல்லோக் கடற்கரை வீட்டில் வேலை. காலையில் அவளின் கைப்போன் அடித்தது.

"அக்கா, நான் கஜன்."

"ஐயோ என்ரை ராசா! உயிரோடை இருக்கிறியா? எங்கையடா நிக்கிறாய்?"

"லண்டனிலை அக்கா. ஏஜென்சிக்காரன் காராலை இறக்கிப்போட்டு, இதுதான் லண்டன், நான் வாறவரைக்கும் ஒருத்தரோடையும் கதையாதை, பொலிஸ் பிடிக்கும் எண்டவன். போனவன் போனவன்தான். இரண்டு நாளா வைக்கல் கொட்டிலுக்கை படுக்கிறன்."

"சுத்திவர என்னடா தெரியுது?"

"கடல். ஆடு."

"லண்டனிலை ஆடோ?"

"ஓமக்கா, முதுகிலை நீல மை. கல்லு மதில். கடல் முழுக்கக் குட்டிக் குட்டித் தீவு. பெரிய மலையொண்டு, சனம் செருப்பில்லாமல் ஏறுது. உச்சியிலை கோயில் தெரியுது. அக்கா, எனக்கொரு நேர்த்தி..."

பெட்டிப் போனில் போட்ட காசு முடிந்து லைன் வெட்டுப்பட்டது.

கனகேஸ்வரி போனைப் பிடித்தபடி நின்றாள். நீல மை. கல் மதில். குட்டித் தீவு. பிறகு வீடு அதிரக் கத்தினாள்: "சிஞ்ஞோரா! உங்கடை மலை! என்ரை தம்பி உங்கடை மலையடியிலை நிக்கிறான்!"

கிழவி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, மலையடியில் கடை வைத்திருக்கும் மருமகள் பிரிட்ஜெட்டுக்குப் போன் போட்டாள். எடுப்பார் இல்லை. ஊரே மலையில் நிற்கும் நாளல்லவா! கனகேஸ்வரி கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். பொடியன் பயத்தில் எங்கேயாவது நடக்கத் தொடங்கிவிட்டால் பிறகு எங்கே தேடுவது?

பின்னேரம் லைன் கிடைத்தது. "கறுத்த பொடியன், வெறுங்கால்" என்று தொடங்கின சிஞ்ஞோரா, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ரை வயிறு எரியுது, உங்களுக்குச் சிரிப்போ?" கனகேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உருண்ட பொடியனா என்று கேட்கிறாள், கனகா!"

உச்சிக் கோயிலைச் சனம் செபம் சொல்லிச் சுற்றி வருவது வழக்கம். அதற்குள்ளே இவன் மேல்சட்டையைக் கழற்றி, அந்தக் கூர்க்கல்லில் நீட்டி நிமிர்ந்து படுத்து, கோயிலைச் சுற்றி உருண்டிருக்கிறான். முதலில் வலிப்பு என்று ஓடி வந்தார்களாம். கைகூப்பியிருப்பதைக் கண்டதும் சனம் விலகி வழி விட்டதாம். இப்போது முதுகெல்லாம் பிளாஸ்டரோடு பிரிட்ஜெட்டின் குசினியில் உருளைக்கிழங்கு சாப்பிடுகிறான். கதைக்கத்தான் வாய் திறக்கிறானில்லையாம்.

"போனைக் குடுக்கச் சொல்லுங்கோ! கஜன், கதையடா!"

கரண்டி தட்டில் படும் சத்தம் மட்டும் கேட்டது.

"கதையடா மூதேவி, அக்காதான்!"

"ஏஜென்சிக்காரன் கதைக்காதை எண்டவன்..."

"அவன் கட்டையிலை போவான்! ஏனடா உருண்டனி?"

"லொறிக்குள்ளை மூச்சு முட்டேக்கை நேர்ந்தனான். லண்டனிலை கால் வைச்சால், முதல் காணுற கோயிலிலை பிரதட்டை அடிக்கிறனெண்டு."

"டேய், அது லண்டன் இல்லையடா. அயர்லாந்து."



"அப்ப லண்டனுக்குப் போய்த் திரும்பவும் உருளவேணுமோ? கல்லு சரியான கூர் அக்கா."

கனகேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஒண்டும் வேண்டாமடா. நீ உயிரோடை வந்து சேர்ந்திட்டாய். அது காணும். சாப்பிடு."

போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள், இரண்டு கோப்பை. சிஞ்ஞோராவுக்கு எதிரே, இத்தனை வருசத்தில் முதல் தடவையாக, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சிஞ்ஞோரா, வெஸ்ட்போர்ட்டிலை இருந்து தொடங்குங்கோ," என்றாள். "ஒரு ஊரும் விடாமல் சொல்லுங்கோ."