அரை மணிப் பத்தியம்

சதுரங்கப்பட்டினத்து டிஸ்பென்சரிக்கு மாற்றலாகி வந்த டாக்டர் பாஷ்யம், வந்த புதிதிலேயே மீனவக் குப்பத்துப் பெண்களின் நம்பிக்கையை இழந்துவிட்டார். ஒரு கைக்குழந்தையின் தொப்புளைச் சுற்றிப் பூசியிருந்த வசம்பை ஸ்பிரிட்டால் துடைத்தெறிந்து, "இதையெல்லாம் செஞ்சுட்டு இங்கே எதுக்கு வர்றே?" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டார். குழந்தையின் பெயர் செங்கல்வராயன். தாய் ஆதியம்மாள். அதன்பிறகு குப்பத்துப் பிள்ளைகளெல்லாம் பட்டாபிராமனிடம் போனார்கள்.

பட்டாபிராமன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தபாலில் ஹோமியோபதி படித்தவர். பிள்ளை எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறது, எதைக் கண்டால் சிணுங்குகிறது என்றெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறந்து சர்க்கரை உருண்டை மருந்தை எடுப்பார். தங்கள் பிள்ளையைப் பற்றி ஒருவர் இவ்வளவு விசாரிப்பதே அந்தப் பெண்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வழியில் பார்த்தால் டாக்டர், "ஓய், சர்க்கரைக் கடை எப்படி நடக்கிறது?" என்பார். வாத்தியார் சிரித்துவிட்டுப் போவார்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, திருக்கழுக்குன்றம் சாலையில் தண்ணீர் புரண்டது. செங்கல்பட்டு பஸ் நின்றுபோனது. அப்படி ஒரு காலையில் ஆதியம்மாளின் புருஷன் நீலமேகம் டிஸ்பென்சரிக்கு நனைந்துகொண்டே வந்தான்.

"புள்ளைக்கு நேத்துலேர்ந்து பேதி, டாக்டரே. வாத்யாரு மருந்துதான் குடுத்துக்கினு கீறா. எனக்கு இன்னாவோ பயமா கீது. நான் கூப்ட்டேன்னு மட்டும் சொல்லிடாத, என்னைக் கொன்னுடுவா."

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தார்.

குழந்தையின் உச்சிக்குழி பள்ளம் விழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்றது. அழுவதற்கு வாய் திறந்தான். சத்தமும் இல்லை, கண்ணீரும் இல்லை.

"கடைசியா எப்ப மூத்திரம் போனான்?"

"நேத்து. உன்னை யாரு வரச் சொன்னது?" என்றாள் ஆதியம்மாள். நீலமேகம் மூலையில் கிடந்த வலையை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி குடுத்தியா? பால்?"

"ஒண்ணும் குடுக்கல. மருந்து ஓடிக்கினு கீதில்ல?"

அப்போது சவுக்குத் தோப்புக்கு அப்பாலிருந்து பள்ளிக்கூட மணி கேட்டது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு வெள்ளை உருண்டையைக் குழந்தையின் நாக்கில் வைத்தாள். காய்ந்த நாக்கில் அது கரையாமல் உட்கார்ந்திருந்தது.

"மணிக்கு ஒண்ணு. அதுக்கு முன்னால அரை மணி, பின்னால அரை மணி வாயில எதுவும் படக் கூடாது. பட்டா மருந்து கெட்டுப்பூடும்னு சொல்லிக்கீறாரு. ராவுல மணி ஏது? உத்தேசமா குடுத்தேன். ஒரு சொட்டு வாயில உடல."

அவளுடைய ரவிக்கை பால் கட்டி நனைந்திருப்பதை டாக்டர் கவனித்தார். ஒரு பகலும் ஓர் இரவும் அவள் தன்னை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்பவே தண்ணி குடும்மா."

"மாட்டேன். வசம்பத் துடைச்சுப்போட்ட கைதானே அது? நீ போ டாக்டரே."

நரம்பில் சலைன் ஏற்ற வேண்டுமானால் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும், சாலை இல்லை. வாய் வழியாகத்தான் தண்ணீர் போயாக வேண்டும். அதற்குச் சம்மதம் தரக்கூடிய ஆள் ஒருவர்தான். டாக்டர் தோப்பைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பட்டாபிராமன் பலகையில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரைக் கடைப் பேச்சை எதிர்பார்த்து, பாதிச் சிரிப்போடு வெளியே வந்தார். டாக்டர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார்.

"மணிக்கு ஓர் உருண்டை. முன்னால அரை, பின்னால அரை. கூட்டிப் பாரும். பால் குடுக்க மிச்சம் எந்த நேரம்?"

வாத்தியார் கூட்டிப் பார்த்தார். கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

"பெரியவாளுக்குச் சொல்ற பத்தியம். வழக்கமாச் சொல்றதை அப்படியே சொல்லிட்டேன்..."

"அது இப்ப வேண்டாம். நான் சொன்னா கேக்கமாட்டா. அந்த மருந்து முடிஞ்சுது, அடுத்த மருந்து தண்ணிதான்னு நீர் சொல்லும். போதும். உமக்கும் கெட்ட பேர் வராது."

வாத்தியார் குடையை மறந்து, மழையில் முன்னால் நடந்தார்.

குப்பத்தில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. அவர் குனிந்து குடிசைக்குள் நுழைந்தார்.

"ஆதியம்மா, நான் சொன்னது தப்பு. உன் பேர்ல குத்தமே இல்லே. அந்த உருண்டையைத் தூரப் போடு. பால் குடு, தண்ணி குடு. டாக்டர் சொல்றதைக் கேளு."

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். தான் எடுத்துக் கொடுத்த வார்த்தையில் ஒன்றைக்கூட அவர் பயன்படுத்தவில்லை.

"கணக்கு வாத்யாருக்கே கணக்கு தப்பிப்போச்சா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி பாப்பா. யாரும் சிரிக்கவில்லை.

"நாக்கை நாக்கை நீட்டிக்கினு இருந்தானே..." ஆதியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் பிள்ளையை மார்போடு அணைத்தாள். ஆண்கள் வெளியே வந்து கடலைப் பார்த்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் அழுவது கேட்டது. சப்பிக் குடிக்கப் பிள்ளைக்குச் சக்தி இல்லை.

ஆகவே கரண்டி. உப்புப் போட்ட கஞ்சித் தெளிவு, இளநீர், சங்கில் பீய்ச்சிய தாய்ப்பால். டாக்டர் ஊட்டினார், கை சளைத்தபோது வாத்தியார் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். முதலில் குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது.

"வரட்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடி குடுப்போம்" என்றார் டாக்டர்.

ஆதியம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வசம்பு வெக்கட்டா?"

"தொப்புள்ல தானே? வை. வாயில மட்டும் வேண்டாம்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வசம்பைச் சுடப் போனாள்.

டிஸ்பென்சரியைக் கம்பவுண்டர் பார்த்துக்கொண்டார். வாத்தியாரின் வகுப்பை யார் பார்த்துக்கொண்டார்களோ தெரியாது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்தது. ஆதியம்மாளின் கை தானாக முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. பாதியில் நின்று, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தது.

அப்போது வாத்தியார், "ஐயையோ" என்றார்.

அவர் மடியில் கிடந்த பிள்ளைக்குக் கீழே வேட்டியில் வெதுவெதுப்பாக ஈரம் பரவிக்கொண்டிருந்தது. டாக்டர் பிள்ளையின் வயிற்றுத் தோலை மறுபடி கிள்ளி விட்டார். மடிப்பு மெல்ல இறங்கியது.

"ஓய்," என்றார் டாக்டர். "சர்க்கரைக் கடை நனைஞ்சுடுத்து."

பாப்பாதான் முதலில் சிரித்தாள். "வேட்டியைக் குடு சாமி, அலசித் தரேன்," என்று ஆதியம்மாள் அழுதுகொண்டே கை நீட்டினாள்.

"இருக்கட்டும்," என்றார் வாத்தியார், அசையாமல். "அடுத்த கரண்டியைக் குடும், டாக்டர்."