பத்து சென்டிமீட்டர்

1

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அந்தப் பட்டியல் வந்தது. ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து, விளையாட்டில் பெயர் வாங்கிய பதினோரு பேர். வரவேற்பறைச் சுவரில் பித்தளைப் பலகை வைக்கப்போகிறார்கள். ஒரு போட்டிக்கு ஒரு பெயர். ஒரு பெயருக்கு நாற்பது சொல், எழுத வேண்டியது நான். விளையாட்டு அலுவலக எழுத்தர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கதையெல்லாம் வேண்டாம், விவரம் போதும்.

அந்த நாற்பது சொல்லை எழுத முடியாததால்தான் இந்தக் கதை.

பத்துப் பேரை ஒரே நாளில் முடித்தேன். நீச்சல்காரர், இயந்திரவியல். வட்டு எறிந்தவர், வேதிப் பொறியியல் (இரண்டு முறை தேர்வில் கோட்டை விட்டதை எழுதவில்லை). ஏழாவது பெயரில்தான் நின்றேன். பெண்கள் பத்தாயிரம் மீட்டர், கட்டடப் பொறியியல், இருபத்து மூன்று ஆண்டாக யாரும் தொடாத சாதனை. தேதியைச் சரிபார்க்க அவருக்கே போன் செய்தேன்.

"என் பேர எடுத்துடுங்க," என்றார்.

2

முதல் தொடக்கம்: துப்பாக்கி வெடித்ததும் அவள்

(வேண்டாம். எல்லா ஓட்டக் கதையும் துப்பாக்கியில்தான் தொடங்குகிறது.)

இரண்டாவது: சிறு வயதிலிருந்தே அவளுக்கு ஓட்டம் என்றால்

(அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.)

மூன்றாவது: அவள் இரும்பு டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள்.

இது நிற்கும்.*

\* போனில் அவர், கதைக்குள் அவள். கதைக்குள் அவளுக்கு இருபது வயது.

அந்த வாரம் பட்டமளிப்பு விழா முடிந்திருந்தது. மேடை ஏற்றி வந்த லாரிகளுக்காக ஓடுதளத்தின் உள்விளிம்புக் கட்டைகளைக் கழற்றிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். டயர் பட்டுக் கோடும் அழிந்துபோனது. பத்து நாளில் போட்டி. சொந்தப் பிள்ளைகள் நில அளவை படிக்கும்போது வெளியாள் எதற்கு என்று அவளையும் அவள் வகுப்புத் தோழனையும் அளந்து கோடு போடச் சொன்னார்கள். எந்நேரமும் டேப்போடு திரிந்ததால் அவளுக்கு டேப்பு என்றே பெயர் விழுந்தது.

விஷயம் எளிது. விளிம்பில் கட்டை இருந்தால் கால் இடறாமல் இருக்க ஓடுகிறவர் தள்ளித்தான் ஓடுவார். அதனால் விளிம்பிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். கட்டை இல்லாமல் வெறும் கோடு என்றால் ஒட்டி ஓடலாம். இருபதில் அளக்க வேண்டும்.

அவர்கள் முப்பதில் அளந்தார்கள். மூன்று முறை. வெயிலில் டேப்பு நீளும் என்று அதற்குக்கூடத் திருத்தம் போட்டார்கள். மில்லிமீட்டர் பிசகாமல் நானூறு மீட்டர். அவள் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மதியம் இருவரும் கழற்றி வைத்த அந்தக் கட்டைகள் மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

கட்டை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கட்டை இருந்தால்தான் முப்பது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

போட்டி நாள் வரை கட்டைகளைத் திரும்ப மாட்டவில்லை. திருகாணிகளைக் காணோம்.

3

ஓட்டத்தை நான் விவரிக்கப்போவதில்லை. இருபத்தைந்து சுற்று. சுற்று எண்ணும் பலகையைப் பிடித்திருந்தவர், பழைய சாதனைக்குச் சொந்தக்காரர்: விடுதியில் அவளுக்கு இரண்டு ஆண்டு மூத்தவர், முழங்கால் போய் ஓட்டத்தை விட்டவர். அவளுக்கு அக்கா. கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான் குறை.

இரண்டு நொடி வித்தியாசத்தில் அக்காவின் சாதனை போனது. அவள் புல்லில் விழுந்து கிடந்தபோது அக்கா தண்ணீரோடு வந்து குனிந்தார்.

"நல்ல காலுக்குத்தான் போயிருக்கு, டேப்பு."

4

இந்தப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. நானாக எழுதியிருந்தால் வெட்டியிருப்பேன், அவ்வளவு கச்சிதம்.

மூன்று மாதம் கழித்து நில அளவைத் தேர்வு. ஐந்தாவது கேள்வி: விளிம்புக் கட்டை இல்லாத ஓடுதளத்தை, இருப்பதாக எண்ணி அளந்தால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு குறையும்? ஆரத்தில் பத்து சென்டிமீட்டர் குறைந்தால் சுற்றில் அறுபத்து மூன்று சென்டிமீட்டர் குறையும். அவள் எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது. விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் இருபத்தைந்தால் பெருக்கினாள். ஏறத்தாழ பதினாறு மீட்டர். அவள் வேகத்துக்கு மூன்று நொடி. அக்காவை முந்தியது இரண்டில்.

பென்சில் கணக்கை அழித்துவிட்டுத் தாளைக் கொடுத்தாள். முழு மதிப்பெண்.

5

அந்த வகுப்புத் தோழர்தான் பிறகு அவள் கணவர். ஒரு வீட்டில் இரண்டு பேர், ஒரே ரகசியம். பலகைச் செய்தி வந்த அன்று அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாராம். பதினாறு மீட்டர் நம் தெரு முனைகூட வராது என்றாராம். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "டேப்போட அந்த முனைய பிடிச்சது நான். தப்பு என் முனைன்னு வெச்சுக்கோ," என்றாராம்.

"நோட்டுல எழுதினது நான்," என்றாள்.

போனில் இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

அந்த ஓட்டத்துக்குப் பிறகு அவர், அக்கா இருவரின் நேரத்தையும் யாரும் நெருங்கவில்லை. ஏழாவது பெயரை எடுத்தால் அந்த இடத்துக்கு அக்கா பெயர் வரும். ஏன் என்று அக்கா கேட்பார். எடுக்காவிட்டால், திறப்பு விழாவுக்கு அக்காவே வருகிறார், முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, டேப்புவின் பெயரைப் பித்தளையில் பார்க்க. இருபத்து மூன்று ஆண்டாக வாரம் ஒரு முறை பேசுகிற அக்கா.

சாதனை போனால் போகட்டும் என்றார் அவர். போகக் கூடாதது வேறு.

6

முடிவு அ: அவள் சொல்கிறாள். அக்கா சிரித்து, திருகாணியைத் தொலைத்தவனைத் திட்டுகிறார். (இனிப்பு அதிகம்.)

முடிவு ஆ: அவள் சொல்கிறாள். அக்கா ஓடுதளத்தை மன்னிக்கிறார். இருபத்து மூன்று ஆண்டு மௌனத்தை மன்னிக்கவில்லை. (இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

முடிவு இ: அவள் சொல்லவில்லை. பலகை திறக்கப்படுகிறது. அக்கா கைதட்டு

7

மூன்று முடிவோடும் முழுக் கதையை அவருக்கு அனுப்பினேன். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார். வெங்காயம் அல்ல, பீன்ஸ். பட்டை இடது முழங்காலில். முடிவுகள் மூன்றின் ஓரத்திலும் ஒரே குறிப்பு: "அளந்து பார்க்காம எழுதியிருக்கீங்க."

நேற்று மாலை அவரே கூப்பிட்டார். அக்காவின் வீட்டிலிருந்து. அக்கா டீ போட உள்ளே போயிருக்கிறார், வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது, வாயைத் திறந்தால் வானிலைதான் வருகிறது என்றார். ஸ்பீக்கரில் போடுகிறேன், நாலாவது பகுதியை நீங்கள் படித்துவிடுங்கள் என்றார்.

நான் தாளைக் கையில் எடுத்தேன். கீழே வைத்தேன். அதைப் படிக்க வேண்டிய குரல் என்னுடையது அல்ல என்றேன்.

அவர் போனைத் துண்டிக்கவில்லை. மேசையில் வைத்த சத்தம் மட்டும் கேட்டது. டம்ளர்கள் வந்தன. ஒரு நாற்காலி இழுபட்டது. சர்க்கரை போதுமா என்று அக்கா கேட்டார்.

இதற்கு மேல் என்னிடம் தாள் இல்லை. போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். அடுத்து வருவதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க எண்ணுனீங்கல்ல, அதுல ஒரு சுத்து எத்தன மீட்டர்?"