ஒலிபெருக்கியில் கேட்ட குரல்

கோவளம் கடற்கரைப் பந்தலில் மற்ற குடும்பங்களோடு ஜெரூஷாவும் உட்கார்ந்திருந்தாள். பாராசூட்டில் இறங்கிவரும் ராக்கெட்டின் அடிப்பாகத்தை, அது கடலில் விழுவதற்குள் அவள் கணவன் ஜெஃப்ரி ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் கொக்கியால் பிடிக்க வேண்டும். ஓட்டுகிறவன் இருக்கையிலிருந்து கொக்கி கண்ணுக்குத் தெரியாது. ஹெலிகாப்டரின் கதவோரம் படுத்திருந்த அவன் சக ஊழியர் ஆஷாதான் கீழே பார்த்து வழி சொன்னாள். இருவர் பேச்சும் பந்தலின் ஒலிபெருக்கியில் கேட்டது.

“கொஞ்சம் லெஃப்ட், ஜெஃப். இன்னும் இறங்கு.”

“சரி ஆஷா.”

“அவசரப்படாத.”

“சரி.”

ஜெரூஷாவுக்கு வயிறு எரிந்தது. அவளே அவனை ‘நீங்க’ என்றுதான் பேசுவாள். அவள் சொன்ன எதற்கும் அவன் இப்படி உடனே சரி என்றதில்லை. கொக்கி தவறட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

கொக்கி மாட்டியது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அவன் தரையிறங்கி வந்தபின், இருவரும் தாம்பரம் திரும்பும்போது காரில் சொன்னாள்: “அவ சொன்னா மட்டும் அப்படியே கேக்கறீங்க.”

“கேக்கலன்னா எல்லாரும் செத்துடுவோம், ஜெரூ.”

“நான் சொல்றத கேக்கலன்னா ஒண்ணும் ஆகாதுல்ல?”

கேளம்பாக்கம் தாண்டியதும் அவன் காரை ஓரங்கட்டினான். “சரி, சொல்லு. நான் எதக் கேக்கணும்?”

அவளுக்கு அந்த நேரம் பார்த்து ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. அதற்கும் ஆஷாமேல்தான் கோபம் வந்தது.