பெரிய செல்வத்தின் புதுச்சட்டை

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில், திருச்செல்வம் ஓங்கிய கையை அவன் மனைவி குமுதா பிடித்து நிறுத்தியது அன்றுதான் முதல்முறை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அலமாரியில் இருந்த அவன் சட்டைகளையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டு, "இதுல ஒண்ணுகூட உங்களுக்கு ஆகாதுங்க. ரெண்டு பேரு உள்ள நிக்கலாம். டவுனுக்குப் போயி நாலு டீசட்டை வாங்கிட்டு வந்துரலாம்" என்றாள்.

"நான் எதைப் போடணும்னு நீ சொல்றியா?" என்று கேட்டபடியே கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் கையை ஓங்கினான்.

கன்னத்தில் விழவேண்டிய கை பாதி வழியில் நின்றது. தேயிலை ஆலையில் இருபது வருடமாகப் பெட்டி தூக்கும் கை அவளுடையது. அவன் மணிக்கட்டு அந்தக் கைக்குள் அடங்கிவிட்டது. இழுத்துப் பார்த்தான். வரவில்லை. அவனுக்கு மூச்சு வாங்கும்வரை பிடித்திருந்தாள். பிறகு அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைப்பதுபோல அந்தக் கையை அவன் மடியில் வைத்தாள்.

"ரெண்டு மணிக்கு பஸ்" என்றாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவன் நூற்றெட்டு கிலோ. எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டினான். ஐம்பத்தொரு வயதிலும் பெரிய செல்வம் என்ற பெயரைச் சொன்னால் கோயில் திருவிழாவில் கூட்டம் ஒதுங்கும். எங்காவது கைகலப்பு என்றால் அவனைக் கூப்பிட ஆள் அனுப்புவார்கள். அவன் வந்து நின்றாலே பாதிச் சண்டை நின்றுவிடும். நிற்காத மீதிக்கு ஒருவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவான். அவன் அடியில் ஒருவனுக்கு இடது காது போயிற்று. இன்னொருவனுக்கு முழங்கை இன்றுவரை நேராக நீளாது. வீட்டிலும் அதே கைதான். குமுதாவின் விலா இரண்டு முறை உடைந்திருக்கிறது. யாரையும் அவன் பகை வைத்து அடித்ததில்லை. கை எட்டும் தூரத்தில் எதிராளி இருந்தான், அடித்தான். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினான்.

சம்சுச் சாராயம் குடித்துக் குடித்துக் கணையம் அழுகியது. ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒன்பது வாரம் படுத்து எழுந்தபோது எடை அறுபது. தொடைச் சதையும் தோள் சதையும் போன இடத்தில் தோல் மட்டும் தொங்கியது. வெளியே போகும்போது இரண்டு பனியன், அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் பழைய பெரிய சட்டை என்று அடுக்கிக்கொண்டுதான் போவான். பெல்ட்டில் ஆணியால் ஆறு ஓட்டை போட்டு இறுக்கிக்கொள்வான். இடுப்பில் காற்சட்டை கோணிப்பை வாய்போலச் சுருங்கிக் கிடக்கும். முதல் வாரம் காப்பிக் கடையில் எல்லோரும் எழுந்து இடம் விட்டார்கள். மூன்றாம் வாரம் எஸ்டேட்டில் கூட வேலை பார்த்த வீரப்பன் அவனைப் பார்த்தும் நாற்காலியை விட்டு எழவில்லை. அன்றோடு திருச்செல்வம் காப்பிக் கடைக்குப் போவதை நிறுத்தினான்.

பிரிஞ்சாங் டவுனில் குமுதா அவனை அழைத்துப் போனது ஒரு பண்டல் கடைக்கு. வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணியைத் துவைத்துத் தேய்த்து விற்கும் கடை. கடைக்காரன் மகேனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது வாயின் வலது பக்கம் அசையாது. அடிக்கடி கைக்குட்டையால் உதட்டோரத்தை ஒற்றிக்கொண்டான்.

"இவ்ளோ துணிய உள்ள போட்டா அளவு எப்படிண்ணே தெரியும்? கழட்டுங்க" என்றான்.

கடையில் வேறு ஆள் இல்லை. குமுதா வாசலோரத்து முக்காலியில் உட்கார்ந்தாள். திருச்செல்வம் ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசிப் பனியனும் போனபோது மலைக்குளிரில் உடம்பு புல்லரித்தது. மகேன் நீளமான கொக்கிக் கம்பால் மேல்வரிசையிலிருந்து ஒரு நீல டீசட்டையை இறக்கிக் கொடுத்தான்.

"எம் சைஸ். போட்டுப் பாருங்க."

"எனக்கு எம் எல்லாம் பத்தாது."

"போடுங்கண்ணே. பத்தலைன்னா அப்புறம் பாக்கலாம்லா."

சட்டை உடம்போடு ஒட்டிப் பொருந்தியது. தோள்தையல் தோளிலேயே நின்றது. கண்ணாடியில், ஆபீசில் பேரேடு எழுதும் கிராணியைப் போல ஒருவன் நின்றான். அடித்தால் திருப்பி அடிக்கமாட்டான் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். திருச்செல்வத்துக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் முதல்முறையாக மேலே எதுவும் தொங்காமல், நழுவாமல் நின்றதில் ஒரு சுகமும் இருந்தது.

"எந்த எஸ்டேட்?" என்று மகேன் கேட்டான். அவன் சொன்னான்.

கொக்கிக் கம்பு நின்றது. "அங்க பெரிய செல்வம்னு ஒருத்தன் லோரி ஓட்டுவானே. இருக்கானா, செத்துட்டானா?"

வாசலில் குமுதாவின் தலை நிமிர்ந்தது.

"எதுக்குக் கேக்குற?" என்றான் திருச்செல்வம்.

"என் வாய் இப்படி இருக்கே, அவன் பண்ணதுதான். பன்னெண்டு வருஷம் ஆச்சு. லெம்பா பெர்த்தாம்ல இருந்து லோரில கோஸ் ஏத்திக்கிட்டு வந்தேன். எஸ்டேட் ரோட்டுல எதுக்க வந்தான். என்னால பின்னால எடுக்க முடியல, ஒரு பக்கம் பள்ளம். எறங்கி வந்து தலைமுடியப் புடிச்சு வெளிய இழுத்தான். லோரி கதவுல மூஞ்சிய வச்சு மூணு வாட்டி கதவச் சாத்தினான். தாடை ரெண்டு துண்டு. ஒன்றரை மாசம் பல்லக் கம்பியில கட்டிக் குழாயில கஞ்சி குடிச்சேன். அதுக்கப்புறம் எதுக்க லோரி வந்தாலே கை நடுங்கும். ஓட்டுறத வுட்டுட்டேன்."

திருச்செல்வம் ஞாபகப்படுத்திப் பார்த்தான். கோஸ் லோரி நினைவுக்கு வந்தது. ரோட்டோரம் கோஸ் உருண்டதும் வந்தது. உள்ளே இருந்தவனின் முகம் மட்டும் வரவே இல்லை. செத்துவிட்டான் என்று சொல்லத்தான் நினைத்தான். சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும்.

"இப்ப சீக்குல கெடக்கான்னு சொன்னாங்க" என்றான் மகேன். "எலும்பும் தோலுமா ஆயிட்டானாம். ஒரு நாள் போயி பாக்கணும். பாத்து நல்லாச் சிரிக்கணும்." சொல்லிவிட்டு அப்போதே சிரித்தான். பாதி வாயில் வந்த சிரிப்பு.

திருச்செல்வத்தால் அதைத் தாங்க முடியவில்லை. எட்டி அவன் கழுத்துச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "நான்தான்டா அது. இப்ப சிரி பாப்போம்."

பழைய பயம் உடனே வந்தது. மகேனின் முகம் வெளுத்தது. ஒரு கையால் தாடையை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். அந்த நொடியில் திருச்செல்வம் மறுபடியும் நூற்றெட்டு கிலோ. பிறகு மகேனின் பார்வை கீழே இறங்கியது. தன் சட்டையைப் பிடித்திருந்த மணிக்கட்டைப் பார்த்தான். அது எலும்பும் தோலுமாக இருந்தது.

முதல் அடி தோளில் விழுந்தது. கொக்கிக் கம்பு இரும்பு. காரை எலும்பு முறிந்த சத்தம் திருச்செல்வத்துக்குக் காதுக்குள்ளேயே கேட்டது. இரண்டாவது அடி விலாவில். மூச்சு வெளியே போய்த் திரும்பி வரவில்லை. இன்னொரு கையை முறுக்கி மகேனின் நெஞ்சில் குத்தினான். நூறு பேரைச் சாய்த்த குத்து. மகேன் ஆடக்கூட இல்லை. திருச்செல்வத்தின் தலைமுடியைப் பிடித்துத் துணி தொங்கும் இரும்புச் சட்டத்தில் முகத்தை மோதினான். இரண்டு பல் நாக்கில் உருண்டன. சட்டம் சாய, ஜீன்ஸும் கோட்டுமாக மேலே சரிந்தன. துணிக்குள் கிடந்தவனை மகேன் உதைத்துக்கொண்டே இருந்தான். அழுதான். முன்பெல்லாம் அடி பட்டால் சதை வாங்கிக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு உதையும் நேராக எலும்பில் இறங்கியது. இப்படித்தான் வலிக்குமா என்று திருச்செல்வம் நினைத்தான். எத்தனையோ அடித்தவனுக்கு அது புதிய செய்தியாக இருந்தது.

மகேன் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கம்பின் முனையைத் தாடைக்கு நேராக ஓங்கினான். அப்போதுதான் குமுதா எழுந்து வந்து கம்பைப் பிடித்தாள்.

"தாடைய வுட்டுரு தம்பி. செத்துருவாரு. நீ ஜெயிலுக்குப் போகணும்."

மகேனுக்கு மூச்சிரைத்தது. "நீங்க அவன் பொண்டாட்டிதானே? இவ்ளோ நேரம் ஏன் வரல?"

"பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் குமுதா.

ஆஸ்பத்திரியில் நீலச் சட்டையைக் கத்தரியால் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. இளவயது டாக்டர் காயங்களைப் பார்த்துவிட்டு எப்படி ஆயிற்று என்று கேட்டார். "படியில விழுந்துட்டாரு" என்றாள் குமுதா. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தன் விலா உடைந்த இரண்டு முறையும், உதடு கிழிந்த முறையும் இதே ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது அந்த வாக்கியம்தான். அப்போதெல்லாம் பக்கத்தில் நின்று தலையாட்டியவன் இன்று படுத்தபடியே தலையாட்டினான்.

டாக்டர் போனதும் அவள் கட்டிலோரம் வந்து நின்றாள். "நான் தங்கச்சி திலகா வீட்டுக்குப் போறேன், கோலா தெர்லாவுக்கு. ஆலைக்கு அங்கேருந்தே வந்துக்குவேன். ஆள் அனுப்பாதீங்க. நீங்களும் வராதீங்க. வந்தா இனிமே என் கையும் சும்மா இருக்காது."

அவன் பதில் சொல்ல வாய் திறந்தான். வீங்கிய வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

போலீசில் புகார் கொடு என்று வீரப்பன் வந்து சொன்னான். என்னவென்று கொடுப்பது என்று கேட்டுத் திருச்செல்வம் அவனை அனுப்பிவிட்டான்.

ஐந்து வாரம் கழித்து, கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கவிட்டபடி திருச்செல்வம் தனியாக பஸ் ஏறினான். பழைய சட்டையை ஒரு பக்கம் மாட்டி மறுபக்கம் போர்த்தியிருந்தான். பண்டல் கடையில் அவனைப் பார்த்ததும் மகேனின் கை கம்பைத் தேடியது.

"சண்டைக்கு வரல" என்றான் திருச்செல்வம். பல் போனதால் பேச்சில் காற்று வந்தது. "கை தூக்க முடியல. டீசட்டை போட முடியாது. முன்னால பட்டன் வச்சது வேணும். எம் சைஸ்."

மகேன் கையை இறக்கினான். பிறகு ஒரு கட்டம்போட்ட சட்டையை எடுத்து மேசைமேல் எறிந்தான். திருச்செல்வம் அங்கேயே நின்று ஒற்றைக் கையால் மாட்டினான். பட்டன்கள் விரலிலிருந்து நழுவின. மகேன் கிட்டே வரவில்லை, உதவவும் இல்லை. மூன்றாவது பட்டனில் திருச்செல்வம் நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"உன் தாடை இன்னும் வலிக்குதா?"

"குளிருக்கு வலிக்கும்."

இந்த மலையில் குளிராத நாள் எது என்று திருச்செல்வம் யோசித்தான். நான்காவது பட்டனைத் தேடினான்.