தரையில் நிற்காத பெஞ்சு

விழுப்புரம் ஜங்ஷனில் நிலக்கரி ஏற்றும் விருத்தாசலம் தன் கையால் செய்த பெஞ்சு, 1937ஆம் வருஷம் பொங்கல் கழிந்த ஒரு காலையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. கால்கள் நான்கும் இருந்தன. அவற்றில் ஒன்றும் தரையைத் தொடவில்லை. அவன் மனைவி குப்பம்மாள் அதன் அடியில் விளக்குமாற்றை விட்டுக் கூட்டினாள். இத்தனை நாள் எட்டாத குப்பையெல்லாம் சுலபமாக வந்தது. வாரிக் கொட்டிவிட்டுத் திரும்பும்போதுதான் விஷயம் உறைத்தது. புருஷனைக் காலால் நெருடி, "இன்னாய்யா, நீ பண்ண பெஞ்சி எழுந்து நிக்குது, நீ இன்னும் தூங்கிக்கினு கெடக்கறே" என்றாள். விருத்தாசலம் எழுந்து வந்து கையால் அழுத்திப் பார்த்தான். பெஞ்சு மரியாதையாகக் கீழே போயிற்று. கையை எடுத்ததும் பழைய உயரத்துக்கே வந்து நின்றது. அவனுக்கு வியப்பு வரவில்லை, கவலைதான் வந்தது. அந்த பெஞ்சை நம்பி ஒரு கல்யாணம் இருந்தது.

கல்யாணப் பெண் அவன் தங்கை பொன்னி. போன பங்குனி உத்திரத்துக்கு மயிலம் தேர் பார்க்கப் போனவள், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு, தேடிக் கொடுத்தவனைப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் பெயர் நடராசன், திண்டிவனத்தில் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவன். இரண்டு பேருக்கும் சம்மதம்; ஜனம் ஒரே ஜனம்; குறுக்கே நின்றது நடராசனுடைய தாயார் அஞ்சம்மாளின் முழங்கால்தான். சிறு வயது முதல் சேற்றில் நின்று நாற்று நட்டு அவள் முட்டி இரண்டும் கெட்டுப்போயிருந்தன. உட்காருவாள், எழுந்திருக்க முடியாது. இதற்கு முன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். கிளம்பும்போது இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துத் தூக்க, பெண் வீட்டார் சிரித்துவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிந்தது. ஆகவே இம்முறை முன்கூட்டியே சொல்லி அனுப்பினாள்: "தரையில உக்கார மாட்டேன். பெஞ்சி இருந்தா வர்றேன். இல்லன்னா அந்தப் பொண்ணு வேற எடம் பாத்துக்கட்டும்."

அந்தத் தெருவில் யார் வீட்டிலும் பெஞ்சு கிடையாது. ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக் கிளப்பில் இருந்தது. அதை அந்தத் தெருக்காரர்களுக்கு இரவல் தருகிற வழக்கமில்லை. விருத்தாசலம் டவுன் தச்சரிடம் போய்க் கேட்டான். எந்தத் தெருவுக்கு என்று அவர் விசாரித்தார். சொன்னதும், ஆடி கழியட்டும் என்றார். ஆடி கழிந்ததும் ஆவணியில் கை நிறைய வேலை என்றார். ஆவணிக்குப் பிறகு புரட்டாசியைக் காட்டினார். வருஷத்தில் தனக்கு ஒதுக்கிய மாதம் இல்லை என்று புரிந்துகொண்ட விருத்தாசலம், லோகோ ஷெட்டில் ஒரு பழைய ரம்பத்தையும் சுத்தியையும் இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஐப்பசிப் புயலில் சாய்ந்த பூவரசு ஒன்று கொல்லையில் கிடந்தது.

அதுவரை அவன் மரத்தில் செய்ததெல்லாம் அடுப்புக்குப் பிளந்ததுதான். முதலில் பழகிக்கொள்ளலாம் என்று ஒரு ஸ்டூல் செய்தான். அது ஆடியது. நீளமான காலைக் கொஞ்சம் அறுத்தான். மற்றொரு கால் நீளமாகிவிட்டது. அதை அறுத்தான், இந்தப் பக்கம் சாய்ந்தது. நியாயம் பார்த்துப் பார்த்து அறுத்ததில், பொழுது சாயும்போது ஸ்டூல் உட்காரும் மணையாகியிருந்தது. "நல்லா கீது. மீன் ஆய சௌரியம்" என்று குப்பம்மாள் எடுத்துக்கொண்டாள். பெஞ்சில் அந்தத் தப்பு நேராமல் பார்த்துக்கொண்டான். உட்காரும் பலகைக்குக் கூட்ஸ் ஷெட்டில் உடைத்துப் போட்ட கள்ளிப்பெட்டிப் பலகை கேட்டு வாங்கினான். பூவரசங்கிளையில் நான்கு கால் அறுத்து, தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து நீளம் சரிபார்த்து, பலகையில் ஓட்டை போட்டுச் சொருகி ஆப்பு அடித்தான். மரம் பச்சையாக இருந்தது. காயப் போட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கார்த்திகை மழையில் மண் தரை சொதசொதவென்று இருந்த சமயம். பெஞ்சு அதன் மேல் ஒழுங்காக, ஆடாமல் நின்றது. தெருவே வந்து முறை வைத்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. நெல் அறுப்பு முடிந்ததும் வரச்சொல்லித் திண்டிவனத்துக்குத் தகவல் போயிற்று.

இப்போது தை பிறந்து தரை காய்ந்து, பெஞ்சு அந்தரத்தில் நிற்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் குப்பம்மாள். வெட்டிய கிளையை வேலிக்குப் போத்தாக நடுவதில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பெஞ்சின் ஒரு காலில் பட்டையைக் கிழித்துக்கொண்டு சின்னத் துளிர் ஒன்று வந்திருந்தது. அதன் மூக்கு தரையைப் பார்த்து இருந்தது. அவள் மற்ற கால்களின் கணுக்களையும் தடவிப் பார்த்தாள்.

"தலகீழா நட்டிருக்கிறேய்யா. அடி மேல, நுனி கீழ. மண்ணு மேல இருக்குதுன்னு நெனச்சிக்கினு அது போவுது."

"நாலுமா?"

"நாலும்தான். ஒண்ணாவது சரியா இருந்திருந்தா கோணிக்கினாவது நின்னிருக்கும். தப்பு பண்ணாலும் ஒழுங்கா பண்ணியிருக்கே."

தெருவார் அனைவருக்கும் இந்தக் காரணம் திருப்தியாக இருந்தது. கால்களைக் கழற்றி அடிப்பக்கம் கீழே வருமாறு திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. விருத்தாசலம் சுத்தியை எடுத்தான். ஆனால் ஆப்புகள் மழையில் ஊறி, வெயிலில் இறுகி, பலகையோடு பலகையாகப் பிடித்துக்கொண்டிருந்தன. அவன் முதல் ஆப்போடு மல்லுக்கு நின்றபோது ஸ்டேஷனிலிருந்து பாயின்ட்ஸ்மேன் பூமாலை ஓடிவந்தான். திண்டிவனத்து அம்மாள் காலை பாசஞ்சரில் வந்து இறங்கிவிட்டாள். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு தண்டவாளம் தாண்டிக்கொண்டிருக்கிறாள்.

யோசிக்க நேரமில்லை. பொழுது ஏறித் தரை இன்னும் காய்ந்திருந்ததால் பெஞ்சு இப்போது கையின் அழுத்தத்துக்கு அடங்கவில்லை. கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துவந்து அதை இழுத்து உரலோடு கட்டினார்கள். மேலே குப்பம்மாளின் கல்யாணச் சேலையை விரித்துக் கயிற்றை மறைத்தார்கள். உரல் ஏன் நடு வீட்டில் இருக்கிறது என்று யாரும் கேட்காமல் இருக்க அதன் மேல் வெற்றிலைத் தட்டை வைத்தார்கள்.

அஞ்சம்மாள் வந்தாள், பெஞ்சைத் தட்டிப் பார்த்தாள், உட்கார்ந்தாள். முகம் தெளிந்தது. வேகவைத்த மல்லாட்டையும் வெல்லக் காப்பியும் வந்தன. பொன்னி வந்து கும்பிட்டுவிட்டு ஓரமாக நின்றாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது, அஞ்சம்மாள் அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் வரையில். நடராசன் வழக்கம்போல் ஒரு பக்கம் கை கொடுக்கப் போனான். மறு பக்கம் விருத்தாசலம் நகர்ந்தான். "நீங்க வாணாம், நானே பாக்கறேன்" என்று அவள் இரண்டு கையையும் தட்டிவிட்டு, பலகையில் ஊன்றி ஒரு உந்து உந்தினாள். உரலில் போட்டிருந்த முடிச்சு நழுவியது. சேலையோடு பெஞ்சும், பெஞ்சோடு அஞ்சம்மாளும் மெல்ல மேலே போய், கூரை வாரையில் அவள் தலை இடிக்காத தூரத்தில் நின்றார்கள்.

பொன்னி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான். அந்த வீட்டில் சிரிப்பு வந்திருந்தால் அன்றோடு சம்பந்தம் முடிந்திருக்கும். யாருக்கும் வரவில்லை, பயம்தான் வந்தது. அஞ்சம்மாள் மேலே இருந்தபடி கூரையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இன்னாப்பா, ஓலையில கரையான் புடிச்சிருக்குது. இந்த வைகாசிக்குள்ள மாத்திடு."

"மாத்திடறேன் அத்தே."

"சரி, என்னை எறக்கற வழியப் பாரு."

விருத்தாசலத்துக்கு வழி தெரியவில்லை. எட்டிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான்; பெஞ்சு அவனையும் சேர்த்துத் தூக்கியது. அப்போது பொன்னி, யாரிடமும் கேட்காமல், பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்து பெஞ்சுக்கு நேர் கீழே தரையில் ஊற்றினாள். "மழையில ஒழுங்கா நின்னுது இல்ல? மண்ணு ஈரமா இருந்தா அது எங்க போவப் போவுது" என்றாள். மண்ணின் வாசனை எழுந்தது. பெஞ்சு சற்றுத் தயங்கி, பிறகு தண்ணீர் குடிக்க வரும் மாடுபோல ஆடி அசைந்து இறங்கி, ஈரத்தில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. அஞ்சம்மாள் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே பொன்னியை ஏற இறங்கப் பார்த்தாள். களி கிண்டத் தெரியுமா, கேப்பை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று விசாரித்தாள். அதற்குள் மண் தரை தண்ணீரைக் குடித்துவிட்டது. பெஞ்சு மறுபடி எழும்பத் தொடங்கியது. இம்முறை அவள் கால் இரண்டையும் நீட்டித் தரையில் வைத்துக்கொண்டாள். பலகை பின்னாலிருந்து இதமாக உயர்த்தி, அவளை நேராக நிறுத்திவிட்டுத் தனியாக மேலே போயிற்று.

அஞ்சம்மாள் நின்றாள். யாரும் பிடிக்கவில்லை. வெகு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் மகன் கையில்லாமல் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருந்தாள். பிறகு, "இன்னொரு சொம்பு ஊத்துடி" என்றாள்.

அன்று மத்தியானம் வரை அவள் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தாள். திரும்பிப் போகும் ரயில் போய்விட்டது. விருத்தாசலம் கூசிப்போய், நாளைக்கே பெஞ்சின் காலைத் திருப்பி வைத்துவிடுவதாகச் சொன்னான். "காலத் தொட்டே, கல்யாணம் கெடையாது" என்றாள் அஞ்சம்மாள். வேறு சீர் எதுவும் அவள் கேட்கவில்லை.

சித்திரையில் கல்யாணம் நடந்தது. பெஞ்சைத் திண்டிவனத்துக்கு பார்சலில் போட எடுத்துப் போனார்கள். பார்சல் குமாஸ்தா பாண்டுரங்கன் அதைத் தராசில் வைத்தார். தராசு, காலியாக இருந்ததைவிடக் குறைவாகக் காட்டியது. அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு, "எடையே இல்லாததுக்கு நான் இன்னான்னு எழுதறது? ஆடு மாடு போறாப்போலக் கட்டி ஏத்துங்க" என்றார். அதன்படி கார்டு இருக்கும் பிரேக் வண்டியில் ஒரு கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் கட்டி ஏற்றினார்கள். கன்றுக்குட்டி வழியெல்லாம் பெஞ்சின் காலில் இருந்த துளிரைத் தின்றுகொண்டு வந்தது.

அதன் பிறகு வருஷங்கள் சீராக ஓடின. திண்டிவனத்தில் பொன்னி தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றுவாள்; பெஞ்சு இறங்கும்; அஞ்சம்மாள் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள்; தரை காய்ந்ததும் எழுந்து வேலையைப் பார்ப்பாள். ஐப்பசி, கார்த்திகையில் பெஞ்சு மற்ற பெஞ்சுகளைப் போலத் தரையிலேயே கிடக்கும். கத்திரி வெயிலில் முளைக்குச்சியில் கட்டி வைப்பார்கள். பொன்னி இரண்டு பிள்ளை பெற்றாள். நிறை மாதத்தில் அவளையும் அது எழுப்பி விட்டது. ஒரு வெயில் நாளில் பெஞ்சை வாசலில் போட்டு அஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தபோது நிலக்காரர் குடையோடு தெருவில் வந்தார். அவர் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பது அந்த ஊர் வழக்கம். "எழுந்துக்க மாட்டியா?" என்று அவர் கேட்டார். தரை அந்நேரம் காய்ந்திருந்தது. "எழுந்துக்கினுதான் சாமி இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் குடைக்கு மேலே போனாள். அவர் கொஞ்சம் அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்தார். மறுநாளிலிருந்து வேறு தெரு வழியாகப் போய்வந்தார்.

விழுப்புரத்தில் விருத்தாசலத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி வந்தது. முட்டி வலிக்காரர்கள் எல்லோரும் தலைகீழ்க் கால் வைத்த பெஞ்சு கேட்டார்கள். அவனும் அடி எது நுனி எது என்று பார்த்துப் பார்த்துத் தலைகீழாக வைத்தான். ஒன்றும் எழும்பவில்லை. எல்லாம் தரையில் நின்றன, சில ஆடின. யுத்தம் முடிவதற்குள் அவனுக்குக் கை பழகி, ஆடாத பெஞ்சும், கதவு ஒழுங்காக மூடும் அலமாரியும்கூடச் செய்தான். அந்தத் தெருவில் பெஞ்சு இல்லாத வீடு இல்லை என்றாயிற்று. அவர்களுக்கு அது போதும்.

1947ஆம் வருஷம் திண்டிவனத்தில் கோடை மழை பெய்யவில்லை. கிணறுகள் வற்றி, குடிக்கும் தண்ணீருக்குப் பொன்னி பொழுது விடியுமுன் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஒரு நாள் வாசலில் மிச்சமிருந்த ஈரத்தில் உட்கார்ந்த அஞ்சம்மாள் இறங்க மனமில்லாமல் இருந்துவிட்டாள். பெஞ்சு அவளை வேப்பங்கிளை உயரத்துக்குக் கொண்டுபோயிற்று. நடராசன் முளைக்குச்சியில் கயிற்றைக் கட்டினான், பறந்து போய்விடாமல். பொன்னி சொம்போடு வந்து நின்றாள்.

"எறக்கட்டுமா அத்தே?"

"புள்ளங்க குடிக்கிற தண்ணிய மண்ணுல ஊத்தாத. எனக்கு இன்னா, மேல காத்து நல்லா வருது."

அன்றிலிருந்து கூழை ஒரு நீளக் கொம்பில் மாட்டி மேலே கொடுத்தார்கள். படுக்கையும் மேலே போயிற்று. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பேசிவிட்டுப் போனார்கள். மேற்கே மேகம் தெரிகிறதா என்று அவளிடம் விசாரித்தார்கள். இல்லை என்றால் இல்லை என்பாள். ஆவணியில் ஒரு சாயங்காலம், முண்டியம்பாக்கம் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது, வறட்டியை எடுத்து உள்ளே வை என்று மேலேயிருந்து சொன்னாள். பொன்னி எடுத்து வைத்து முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. பெஞ்சு நனைந்தபடி இறங்கியது. தரைக்கு ஒரு முழம் இருக்கும்போதே அஞ்சம்மாள் காலை நீட்டி ஊன்றி எழுந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்துபோய், அடுப்பில் என்ன வெந்துகொண்டிருக்கிறது என்று பொன்னியைக் கேட்டாள்.