முள்ளங்கி நாற்றுகள் சாய்ந்த பக்கம்

நாற்பது முள்ளங்கி நாற்றுகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. இருட்டறையில், நாற்றை வளைக்காத மங்கிய பச்சை விளக்கில் ஆராய்ச்சி மாணவி அவற்றை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

வெளிச்சமே படாமல் நான்கு நாள் வளர்ந்த நாற்று நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் வெளிச்சம் பட்டால், அந்தப் பக்கத்துத் தண்டில் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் ஊறும். மறுபக்கம் மட்டும் நீளும், செடி வெளிச்சத்தை நோக்கி வளையும். இருட்டு நாற்றில் அந்தப் பொருள் எவ்வளவு குறைவு என்பதுதான் அவளுடைய மூன்று வருட ஆய்வுக்குத் தேவையான கடைசி அளவு. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்தையே மூடுகிறார்கள். இன்று செவ்வாய்.

"அண்ணே, கதவைத் திறந்தீங்களா?"

சாவி வைத்திருக்கும் பராமரிப்பாளருக்கு அங்கே 'இருட்டண்ணன்' என்றுதான் பெயர். கதவிடுக்கில் கறுப்பு டேப் ஒட்டியவரே அவர்தான்.

"எது கெட்டாலும் நான்தானா? வீட்லதான் இந்தப் பாட்டு, இங்கயுமா?"

"அப்ப வெளிச்சம் எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் குனிந்து பார்த்தார். "எல்லாம் நீ நிக்கிற பக்கமால்ல சாஞ்சிருக்கு. தினம் என்ன செய்வியோ அதைச் செய்ம்மா, பாக்கலாம்."

அவள் தண்ணீர்க் குப்பியை எடுத்துத் தட்டின் மேல் மணிக்கட்டைத் திருப்பினாள். கைக்கடிகாரம் தானாக விழித்து, நாற்றுகளின் மேல் வெண்ணீல வெளிச்சத்தைக் கொட்டியது. மூன்று விநாடி. அணைந்தது.

பச்சை விளக்கையே பயந்து பயந்து போட்டவள், நான்கு நாளும் வெளிச்சத்தைக் கையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

வெளியே வந்து பேராசிரியருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"நீ சொல்லலேன்னா யாருக்கும்மா தெரியும்? வெட்டி அளந்துடு."

"அளந்தாலே தெரிஞ்சுடும் சார். அதுல அந்தப் பொருள் ஏற்கெனவே ஊறியிருக்கும்."

"புதுசா விதை போடு."

"நாலு நாள் வேணும் சார். மூணுதான் இருக்கு."

"இன்னும் ஒரு நாள் கேட்டுப் பாக்கவா?"

"போன மாசமே கேட்டோமே சார், முடியாதுன்னுட்டாங்க."

"ஆமா," என்றார் அவர்.

அவள் திரும்பி வந்தபோது இருட்டண்ணன் புது விதைகளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்குண்ணே? வெள்ளிக்கிழமைக்குள்ள அளக்கிற உயரத்துக்கு வராது."

"தெரியும்மா. சும்மா நிக்க முடியல."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத்தாளை மடித்துத் தட்டில் விரிக்க ஆரம்பித்தாள்.