கொசுக்கடி என்று நான் வெட்டிய வரி

1

இந்தக் கதையின் முதல் வரைவைப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே வாயால் சொல்லிவிட்டேன். கேட்டவர் ஒரு குழந்தை மருத்துவர். அப்படியே நம்பி, என் மகளின் கோப்பில் சிவப்பு மையில் எழுதினார்: பெனிசிலின் ஒவ்வாமை. அச்சில் வந்த என் கதைகள் எதையும் யாரும் இவ்வளவு நம்பியதில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: மதியம் மருந்து கொடுத்தேன், மாலைக்குள் குழந்தையின் உடம்பெல்லாம் சிவந்து தடித்து

(நிறுத்துகிறேன். அதே பழைய புளுகு.)

இரண்டாம் முயற்சி: அவளுக்கு இரண்டு வயது. மூன்று நாள் காய்ச்சல். காலையில் சட்டை மாற்றும்போது வயிற்றில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று விட்டுவிட்டேன். மதியம்தான் அமாக்சிசிலின் சிரப்பின் முதல் வேளை. அது பெனிசிலின் வகை மருந்து. மாலையில் முதுகு வரை தடிப்பு.

"மருந்து குடுத்த பிறகுதான் வந்துச்சா?"

"ஆமா டாக்டர், குடுத்ததும் வந்துருச்சு."

காலைப் புள்ளிகளை நான் மறக்கவில்லை. மருந்து, பிறகு தடிப்பு என்றால் கதை ஒழுங்காக நின்றது. புள்ளிகள் இடறின, வெட்டிவிட்டேன். [எழுதுகிறவளுக்கு இது தொழில்புத்தி. பெற்றவளுக்கு இது... இந்த வாக்கியம் எனக்கு முடியவில்லை.]

3

இப்போது அவளுக்குப் பதினான்கு. தொண்டைப்புண்ணில் தொடங்கிய காய்ச்சல் இதய வால்வு வரை போய்விட்டது. மறுபடி வராமல் தடுக்க வருடக்கணக்கில் மருந்து வேண்டும். அதில் நம்பகமானது பெனிசிலின் ஊசி. கோப்பைத் திறந்தால் என் சிவப்பு மை.

ஒவ்வாமை மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "கண்ணு காது மூக்கு வைக்காம, நடந்ததை நடந்த வரிசையில சொல்லுங்கம்மா."

புள்ளிகளையும் சேர்த்துச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"மூச்சுத் திணறல், முகம் வீங்கறது, தோல் உரியறது?"

"எதுவும் இல்ல."

"சின்னப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சலோடயே இப்படித் தடிப்பு வரும். மருந்து வீண்பழி சுமந்திருக்கலாம். ஆனா 'லாம்'ங்கறதை நம்பி ஊசி போட முடியாது. அதே மருந்தை இங்கயே கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் குடுத்துப் பார்த்துடுவோம்."

[அடிக்குறிப்பு: இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கதையில்கூட நான் மருத்துவமனையைவிட்டு நகரவில்லை.]

4

காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ: ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு மையை அடித்துவிடுகிறார்கள். (சர்க்கரை கூடிவிட்டது.)

ஆ: தடிப்பு வருகிறது. ஒவ்வாமையை அடக்கத் தயாராக வைத்திருக்கும் ஊசியை நர்ஸ் போடுகிறார். வேறு மருந்து தேடுகிறோம். (இதுவும் தோல்வி இல்லை, தெரிந்துகொண்டோமே.)

மகள் தோள்வழியே எட்டிப் படித்தாள். "அம்மா, முடிவை எழுதாத. போன தடவை நீ சொன்னதைத்தான் இன்னும் தூக்கிட்டுத் திரியறேன்."

சுருக்கென்றது. "சரிடி. கண்ணால பார்க்கறதை மட்டும் எழுதறேன்."

5

பத்து மணி: பத்தில் ஒரு பங்கு மருந்து.

பத்தரை: ஒன்றுமில்லை. மிச்ச மருந்தும் குடித்தாயிற்று.

பத்தே முக்கால்: மணிக்கட்டுக்கு மேல் ஒரு சிவப்புப் பு

எழுந்துவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். "நர்ஸ்! இங்க பாருங்க, வந்துருச்சு!"

நர்ஸ் வருவதற்குள் மகள் கையைத் திருப்பிக் காட்டினாள். புள்ளியைச் சுற்றி நீலப் பேனாவில் ஒரு வட்டம். பக்கத்தில் நேரம்: 9:40.

"கொசுக்கடிம்மா. மருந்துக்கு முன்னாடியே நர்ஸ்கிட்ட நான் காட்டினேன், அவங்க வட்டம் போட்டாங்க."

அழுதுவிட்டேன். நான் போடாமல் விட்ட வட்டம் அது.

இன்னும் ஒரு மணி நேரம் இங்கே இருக்க வேண்டும், பிறகு சில நாள் வீட்டில் கவனிக்க வேண்டும். இருப்போம். கவனிப்போம். நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டேன். 10:50 என்று எழுதிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேரத்துக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது.

இதற்குள் உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். எனக்கும்தான். பேனாவை மூடி வையுங்கள். அவள் பார்த்துவிட்டு எழுதட்டும்.